முதல் போர்டு

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் சோபாவில் உட்காருவதற்கு முன்னால் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: 'என்ன ஸார், ரயில்வேல வேலையா?'

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மற்ற வீடுகளில் காலண்டரும் கல்யாண போட்டோவும் மாட்டியிருக்கிற இடத்தில் என் வீட்டில் 'விழுப்புரம்' தொங்குகிறது. அதற்கு மேலே 'திருவண்ணாமலை'. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 'அரக்கோணம்'. என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கிறார். எந்த ஊர் வேண்டுமானாலும் வரட்டும், சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது.

நான் சேர்ப்பது ரயில் போர்டுகள். ஸ்டேஷனில் இருக்கும் பெரிய மஞ்சள் பலகைகள் இல்லை. ரயில் பெட்டியின் பக்கவாட்டில், ஜன்னல் வரிசையை ஒட்டி, கொக்கியில் மாட்டியிருப்பார்களே, இந்தப் பெட்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லும் நீளமான தகரம், அது. ஒரு ஆள் கையை விரித்தால் பாதி வரும் நீளம். மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே இங்கிலீஷ். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓட்டமும் நடையுமாகப் பெட்டியைத் தேடும்போது அரை விநாடி பார்த்திருப்பீர்கள். ஏறி உட்கார்ந்த பிறகு அதை யார் நினைக்கிறார்கள்?

இப்போது பல வண்டிகளில் அந்த வேலையை ஓடுகிற மின்னெழுத்துகள் செய்கின்றன. தகரங்கள் எடைக்குப் போகின்றன. அப்படிப் போகிற வழியில் சிலவற்றை மடக்கி என் வீட்டுக்குத் திருப்பிவிடுகிறேன், அவ்வளவுதான். இதுவரை 23 சேர்ந்திருக்கின்றன.

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பு என் பத்திரிகை வேலைக்கு எந்த விதத்திலும் உதவியதில்லை. ஆனால், இந்தப் பொழுதுபோக்குக்குக் கை கொடுத்தது. எதைச் சேர்த்தாலும் கணக்கு இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்குப்பதிவியல் வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம். அதனால் 2006ல், ஒரு காயலான் கடையில் 340 ரூபாய் கொடுத்து 'அரக்கோணம்' வாங்கிய அன்றே, நீளமான ஒரு கணக்கு நோட்டும் வாங்கினேன்.

அந்த நோட்டில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பக்கம். வரிசை எண். நீளம், அகலம், எடை. இரும்புத் தகரமா, அலுமினியமா. இரண்டு பக்கமும் என்ன எழுதியிருக்கிறது. எத்தனை அடுக்கு பெயின்ட். கொக்கித் துளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது. எங்கே, எந்தத் தேதியில், என்ன விலைக்கு, யாரிடமிருந்து வந்தது. கடைசியில் 'குறிப்பு' என்று நாலு வரி இடம்.

'பழைய தகரத்துக்கு இவ்வளவு ஜாதகமா?' என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால், எழுத ஆரம்பித்தால்தான் தகரம் பேச ஆரம்பிக்கும்.

உதாரணத்துக்கு, என் 'திருவண்ணாமலை'யைப் பாருங்கள். அதில் 'ணா'வுக்குத் தனியாகக் கால் கிடையாது. எழுத்திலேயே ஒரு சுழி. 'லை'க்கு முன்னால் இரட்டைக் கொம்பும் கிடையாது. யானை துதிக்கையைத் தூக்கிய மாதிரி ஒரு வளைவு. 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது விடைபெற்ற எழுத்துகள் இவை. ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு. அதனால் போர்டு 1978க்கு முந்தியது என்று சத்தியம் செய்ய முடியாது. பெயின்ட்டர் கை பழகினதைத்தான் எழுதும். அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது. ஆனால், எழுதிய கை அந்தக் காலத்தில் பழகிய கை என்பது நிச்சயம்.

அடுத்த அடையாளம் 1996. அந்த வருடம் மெட்ராஸ், சென்னை ஆனது. எழும்பூர் போர்டு ஒன்றைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், 'CHENNAI' என்ற எழுத்துகளுக்கு அடியில் 'MADRAS' மேடு தட்டித் தெரியும். இந்தி வரியிலும் அதே கதைதான். தமிழ் வரியில் மட்டும் அடியிலும் 'சென்னை', மேலேயும் 'சென்னை'. அத்தனை பேர் பேசித் தீர்த்த பெயர் மாற்றத்தில் அந்த ஒரு வரிக்கு மட்டும் வேலையே இல்லை. பழைய எழுத்தின் மேலேயே பெயின்ட்டர் இன்னொரு தடவை பிரஷ்ஷை ஓட்டியிருக்கிறார்.

போலிகளும் உண்டு. 'பழைய ஸ்டைல்' ஹோட்டல்கள் சுவரில் மாட்டுவதற்கென்றே புதுத் தகரத்தில் எழுதி, துரு ஏற்றி விற்கிறார்கள். ஒரு தடவை துதிக்கை போட்ட 'சென்னை'க்குக் கீழே, அதே பெயின்ட் அடுக்கில், 'CHENNAI EGMORE' என்று எழுதிய ஒன்றைக் காட்டி, 'அறுபது வருஷத்துச் சரக்கு ஸார்' என்றார் ஒருவர். அறுபது வருடத்துக்கு முன்னால் இங்கிலீஷில் ஏது 'சென்னை'? போர்டைத் திருப்பிக் கொக்கித் துளையைப் பார்த்தேன். ஒருநாள்கூடத் தொங்காத துளை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுவேன். 'கடற்கரை' என்று ஒரு சின்னத் தகடு என்னிடம் இருக்கிறது. தாம்பரம் - பீச் மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் இருந்தது என்று சொல்லித் தந்தார்கள். 1931ல் தொடங்கி 2004ல் நின்றுபோன அந்தக் குட்டி ரயில்களில் தொங்கிக்கொண்டு போனவர்கள் அந்தத் தகட்டைப் பார்த்ததும் கண் கலங்குகிறார்கள். என் நோட்டில் இருப்பது: 'கடைக்காரர் சொல். சரிபார்க்கவில்லை.'

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் இது பெரிய கூட்டம். அங்கே பழைய ரயில்களில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஒரே நீளமான துணிச் சுருளில் வரிசையாக அச்சிட்டிருக்கும். சுருளைச் சுழற்றினால் அடுத்த ஊர் வரும். ஓய்வுபெற்ற சுருள்களை ரயில் கம்பெனிகளே ரசிகர்களுக்கு விற்கின்றன. 1872ல் அங்கே முதல் ரயில் பாதை திறந்த நாளான அக்டோபர் 14ஐ 'ரயில்வே தினம்' என்று கொண்டாடுகிற ஊர் அது. லண்டன் சுரங்க ரயில்களில் ஒரு காலத்தில் எனாமல் தகடுகளை மாட்டினார்கள். இன்றைக்கு அவையும் சேகரிப்பவர்கள் கையில் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களைப் பார்த்து நான் பொறாமைப்படுவது சுருளுக்காகவோ எனாமலுக்காகவோ இல்லை. நேராக வாங்கியவர்களிடம் ரசீது இருக்கிறதே, அதற்காக. என்னுடைய முதல் போர்டுக்கு ரசீது இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. ரயில்வேயில் டி.எக்ஸ்.ஆர். ஆக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி கிளம்புவதற்கு முன்னால் பெட்டிகளின் சக்கரம், பிரேக், இணைப்பு எல்லாவற்றையும் பரிசோதிக்கும் வேலை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'நீங்க என்னமோ போர்டு வெச்சிருக்கீங்களாமே, பாக்கலாமா?' என்று தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நிஜமான ரயில்வேக்காரர்! ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தைத் தடவினார், கொக்கித் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். 'இது ரெண்டு பக்கமும் வேற வேற வண்டி பாருங்க. காலைல ஒரு வண்டி, சாயந்திரம் அதே பெட்டி இன்னொரு வண்டி. திருப்பி மாட்டினா முடிஞ்சுது. அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் எழுதறது' என்றார்.

காபி வந்தது. பேச்சு விழுப்புரத்துக்குப் போனது. ஐந்து திசைக்குப் பாதை பிரிகிற ஜங்ஷன் அது. சென்னை ஒரு பக்கம், பாண்டிச்சேரி ஒரு பக்கம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி ஒரு பக்கம், கடலூர் வழியாக மாயவரம் ஒரு பக்கம், விருத்தாசலம் வழியாகத் திருச்சி ஒரு பக்கம்.

'மீட்டர்கேஜ் காலத்துல ஒரே வண்டில ரெண்டு ஊர்ப் பொட்டி சேந்து வரும். ஜங்ஷன்ல பின்னாடிப் பொட்டியக் கழட்டி, வேற எஞ்சினப் போட்டு, வேற பக்கம் அனுப்புவோம். வண்டி பேரு தெரிஞ்சா மட்டும் பத்தாது தம்பி. பொட்டி எங்க போவுதுன்னு தெரியணும். அதனாலதான் போர்ட வண்டிக்கு ஒண்ணுன்னு மாட்டாம பொட்டிக்குப் பொட்டி மாட்டறது.'

மும்பையில் பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே கல்யாண் என்ற ஸ்டேஷனைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வடகிழக்கே கசாராவுக்குப் போகிற லோக்கலின் நெற்றியில் 'N' என்ற ஒரே எழுத்து. தென்கிழக்கே கர்ஜத்துக்குப் போகிற லோக்கலுக்கு 'S'. லட்சக்கணக்கான பேர் அந்த ஒற்றை எழுத்தை நம்பித்தான் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதைச் சொன்னதும் பெரியவர் தலையாட்டினார். 'படிக்கத் தெரியாதவங்ககூட அந்த எழுத்தோட உருவத்தப் பாத்து வெச்சிருப்பாங்க.'

அப்புறம்தான் அவர் நோட்டைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

வரிசை எண் 1. 'சென்னை எழும்பூர் - பாண்டிச்சேரி'. இரும்புத் தகரம். மேல் அடுக்கில் 'CHENNAI', அடியில் 'MADRAS'. பெயின்ட் நல்ல நிலையில். கொக்கித் துளையில் துரு இல்லை. கிடைத்த வருடம் 1999. கிடைத்த இடம்: பழைய இரும்புக் கடை. விலை: ரூ. 15.

பெரியவர் அந்தப் பக்கத்திலேயே நின்றார். எழுந்து போய்ச் சுவரில் அந்தப் போர்டைத் தடவினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

'தம்பி, பேரு மாத்தினது தொண்ணூத்தாறுல. அதுக்கப்புறம்தான் இந்த பெயின்ட். நீங்க வாங்கினது தொண்ணூத்தொம்போதுல. மூணு வருஷம்கூட முழுசா ஆகல. துருவும் இல்ல, நெளிசலும் இல்ல. ஓடிட்டிருந்த போர்டு இது. இது எப்படி எடைக்குப் போகும்?'

அவர் குற்றம் சாட்டவில்லை. சக்கரத்தைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் விரிசல் கண்டுபிடிக்கிறவர் கேட்கிற கேள்வி. போலிக்காரரை நான் எந்தக் கணக்கு வைத்துப் பிடித்தேனோ, அதே கணக்கு வைத்து என்னைப் பிடித்துவிட்டார். அதுவும் என் கையெழுத்தில் நான் எழுதிய குறிப்புகளை வைத்தே.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகம். தாம்பரத்தில் ஒரு காலேஜில் பி.காம். இரண்டாம் வருடம். சீசன் டிக்கெட். நாங்கள் மூன்று பேர் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம். 1999, ஐப்பசி மாதம். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். செங்கல்பட்டு ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். கொளவாய் ஏரியிலிருந்து ஈரக் காற்று அடிக்கும். நாங்கள் கீழே இறங்கி டீ குடிப்போம்.

எங்களில் ஒருத்தனுக்கு வெகுநாள் ஆசை, ஹாஸ்டல் நண்பன் ரூமில் மாட்ட ஒரு ரயில் போர்டு வேண்டும் என்று. கடைசிப் பெட்டிப் பக்கம் வெளிச்சம் கம்மி. 'டேய், இப்ப எடுத்துக் காட்டவா?' என்றான். 'கிழிச்ச' என்றேன் நான். சொல்லி முடிப்பதற்குள் தூக்கிக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டான். அவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. கழற்றியவன் பயந்துபோய் அதை என் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிட்டான். பார்சல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது. அதைச் சுற்றி, போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். இதயம் அடிக்கிற சத்தம் தகரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போது ஒரு பாட்டி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு கையில் வயர்கூடை, இன்னொரு கையில் நனைந்த புடவைத் தலைப்பு. பெட்டியை அண்ணாந்து பார்த்தார். கொக்கிகள் மட்டும் இருந்தன. என்னிடம் திரும்பினார்.

'தம்பி, இது பாண்டி போற பொட்டியா?'

அந்தப் பெட்டி பாண்டி போகிற பெட்டிதான். கடைசி மூன்று பெட்டிகள் விழுப்புரத்தில் கழன்று பாண்டிச்சேரி போகும். முன்னால் இருப்பவை திருச்சிப் பக்கம் போகும். தினமும் போகிறவன், எனக்குத் தெரியாதா? பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் மூன்று மொழியில் என் அக்குளில் இருந்தது.

'தெரியாதுங்கம்மா' என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால், அந்த நிமிடத்தில் அந்தப் பெட்டியோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. திருடனுக்குத் தோன்றுகிற முதல் யோசனை அதுதான் போல.

பாட்டி முன்னால் நடந்தார். நான்கைந்து பெட்டி தள்ளி, உள்ளே இருந்த யாரோ கை கொடுக்க, ஏறினார். திருச்சிப் பக்கம் போகிற பெட்டி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் அரை மணிக்கும் மேலான பயணம். நடுவில் நின்ற ஸ்டேஷன்களில் இறங்கி ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனில் சொல்லலாம் என்று நினைத்தேன். மதுராந்தகம் வந்தது. இருட்டில் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, போர்டோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அந்த நண்பன், 'எனக்கு வேணாம்டா, நீயே வெச்சுக்க' என்று சொல்லிவிட்டான். அம்மா 'ஏதுடா இது?' என்று கேட்டார். 'பழைய இரும்புக் கடைல பதினஞ்சு ரூபா' என்றேன். அம்மா அதைக் கழுவித் துடைத்து, இரண்டு செங்கலுக்கு மேல் வைத்து, ஊறுகாய் ஜாடிகளை அடுக்கினார். கவிழ்த்துத்தான் வைத்தார். கீழ்ப்பக்கத்திலும் எழுத்து இருந்ததால், அடுப்படியில் குனிகிற போதெல்லாம் எனக்கு மட்டும் பாண்டிச்சேரி தெரியும்.

2006ல் நோட்டு போட்டபோது, முதல் வரவு அதுதானே என்று முதல் பக்கத்தில் எழுதினேன். கிடைத்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தேன். அம்மாவிடம் சொன்ன பொய்யை அப்படியே எழுதினேன், விலை உட்பட. ஏழு வருடம் பழகிய பொய், உண்மையைப் போல அழகாக வந்து உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

'போர்டு குறைஞ்சா மாட்டின ஆளக் கேப்பாங்க. எழுதிக் குடுக்கணும். ஸ்பேர் இல்லேன்னா சாக்பீஸ்ல பொட்டி மேல எழுதுவோம். மழைன்னா அதுவும் நிக்காது.' அப்புறம் என் முகத்தைப் பார்த்து, 'விழுப்புரத்துல வண்டி ரொம்ப நேரம் நிக்கும். கூட வந்தவங்க யாராவது சொல்லியிருப்பாங்க தம்பி. நம்ம ஜனங்க கேக்காம விட மாட்டாங்க. எங்க போறீங்க, யாரப் பாக்கப் போறீங்கன்னு எல்லாம் கேட்டு, எறக்கி விட்டிருப்பாங்க.'

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அது நடந்திருக்கவும் கூடும். அந்தக் காலத்துப் பாசஞ்சர் வண்டியில் பக்கத்து சீட்டுக்காரருக்கு நம் குடும்பக் கதை தெரியாமல் இறங்க முடியாது. ஆனால், 'யாராவது சொல்லியிருப்பாங்க' என்பது என்னை விடவில்லை. அந்த சாயங்காலம் பாட்டி கேட்ட அந்த 'யாராவது' நான்தானே? அவர் யாரையும் கேட்காமல் ஏறவில்லை. முறையாகப் போர்டைப் பார்த்தார். அது இல்லை என்றதும் முறையாக ஒரு ஆளைக் கேட்டார். அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை.

பெரியவர் போன பிறகு, ஒரு வக்கீல் நண்பருக்குப் போன் போட்டேன். 'ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966ல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. முதல் தடவைக்கே ஐந்து வருடம் வரை தரலாம்' என்று உற்சாகமாகச் சொன்னார். 'இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குய்யா கிளர்ற?' என்றும் கேட்டார். இதைப் படித்துவிட்டு யாராவது ரயில்வே அதிகாரி வீட்டுக்கு வந்தால், காபி கொடுத்துப் போர்டையும் கொடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். கூடவே போகச் சொன்னாலும் போகிறேன். சுவரிலிருந்து அதைக் கழற்றித் துணியில் சுற்றித் தயாராக வைத்திருக்கிறேன்.

ஆனால், சட்டத்துக்குப் பதில் சொல்வது வேறு, நோட்டுக்குப் பதில் சொல்வது வேறு. காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், கணக்கில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பேப்பரைக் கிழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவக் கூடாது. தப்பு தப்பாகவே இருக்க வேண்டும். அதற்குக் கீழே, தேதி போட்டு, சரியானதை எழுத வேண்டும். 'பிழைத் திருத்தப் பதிவு' என்று பெயர். எங்கள் வாத்தியார் அந்தப் பாடத்தை நடத்தியபோது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பத்து மார்க் கேள்வி, கண்டிப்பாக வரும் என்று மனப்பாடம் செய்தேன். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

இன்னொரு விதியும் அங்கேதான் படித்தேன். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. ஒவ்வொரு பதிவிலும் பெற்றவர் ஒருவர் இருந்தால் தந்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. என் முதல் பக்கத்தில் தந்தவர் என்று யாரை எழுதுவது? கழற்றிய நண்பனையா? ரயில்வேயையா? போர்டைக் காணோம் என்று எழுதிக் கொடுத்த, எனக்குப் பெயர் தெரியாத ஊழியரையா? மூன்று நாள் யோசித்தேன். அதில் ஏதோ குறைகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இப்போது விழுப்புரம் வழியாகப் போகும்போதெல்லாம் பிளாட்பாரத்தில் ஒரு நடை நடக்கிறேன். மீட்டர்கேஜ் போய்விட்டது. பெட்டிக்குப் பெட்டி மின்னெழுத்து ஓடுகிறது. ஆனாலும் ஜனங்கள் கேட்கிறார்கள். எழுத்து எவ்வளவு பெரிதாக ஓடினாலும் ஒரு மனிதர் வாயால் 'ஆமாம்மா, ஏறுங்க' என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தைரியம். போன மாதம்கூட ஒரு அம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இது பாண்டி வண்டிதானே?' என்று கேட்டார். ஒருமுறைக்கு இரண்டு முறை எழுத்தைப் பார்த்துவிட்டு, 'ஆமாங்க' என்றேன். அவர் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கும் வரை நின்றேன். பழைய கணக்கு அதனால் நேராகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. இது வேறு அம்மா, வேறு கணக்கு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில் பழைய வரிகளை அப்படியே விட்டுவிட்டு, 'குறிப்பு' என்ற இடத்தில் தேதி போட்டு எழுதினேன்:

'பிழைத் திருத்தம். மேலே கண்ட போர்டு கடையில் வாங்கியது அல்ல. விலை எதுவும் கொடுக்கவில்லை. 1999 ஐப்பசி, செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஓடுகிற வண்டியிலிருந்து கழற்றியது. எடுத்துப் போனது நான். இது இல்லாததால் ஒரு பாட்டி, பெட்டி எங்கே போகிறது என்று வாய் விட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டது என்னை. எங்கே இறங்கினார் என்று தெரியாது.'